ஆசை தீர்க்க வந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவது தூக்குவாளி வந்து இறங்கியபோதுதான் வடிவம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது.

முதல் வாளி வெள்ளிக்கிழமை வந்தது. ஏரலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மூத்த மகன் சங்கரபாண்டியன் முந்திரிக்கொத்து கொண்டுவந்தான். சனிக்கிழமை அவள் அண்ணன் வீட்டிலிருந்து ஆட்டுக்கறிச் சுக்கா வந்தது. இன்றைக்கு நாத்தனார் பேச்சிச்செல்வி ஆட்டோவில் வந்து இறங்கி, மூச்சு வாங்க வாளியைத் திறந்தாள். உள்ளே உளுந்தங்களி. கருப்பட்டி போட்டுக் கிண்டி, நடுவில் குழி பறித்து, குழி நிறைய நல்லெண்ணெய்.

"தின்னுங்க மதினி. ஒங்களுக்குன்னே வெள்ளனே எந்திச்சுக் கிண்டினேன்."

"டாக்டரம்மா எண்ணெயத் தொடக் கூடாதுன்னிருக்கால்லா?"

"அவ கெடக்கா. ஆசப்பட்டதத் திங்காம எதுக்கு இந்த உசுரு?"

பதினாறு நாளாகக் கஞ்சியும் பீர்க்கங்காயும் தின்று நாக்கு மரக்கட்டையாகிக் கிடந்தது. வடிவம்மாள் கையை நீட்டிவிட்டாள். மூன்று உருண்டை உள்ளே போனது. பேச்சிச்செல்வி விசிறியை எடுத்து மதினிக்கு வீசிக்கொண்டே அழுதாள். களிக்கு எதற்கு அழுகிறாள் என்று வடிவம்மாளுக்கு விளங்கவில்லை.

வடிவம்மாளுக்கு எழுபத்தாறு வயது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை. வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்கள் அங்கே அதிகம் வரமாட்டார்கள். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கேற்றிப் போகிற தோணிக்காரர்கள்தான் வருவார்கள். தோணியின் தலைவனைத் தண்டல் என்பார்கள். அவன் வாசலில் நின்று, "ஆள் எட்டு, நாள் பதினஞ்சு" என்றால் போதும். அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், கருவாடு, தீப்பெட்டி வரைக்கும் சீட்டு எழுதாமலே மூட்டை கட்டிவிடுவாள். காற்று எதிர்த்தால் மூன்று நாள் கூட ஆகும் என்று அவளே கணக்குப் போட்டுக் கூடுதல் வைப்பாள். நடுக்கடலில் சாமான் தீர்ந்து பட்டினி கிடந்தோம் என்று இதுவரை ஒருத்தனும் வந்து சொன்னதில்லை. மூட்டைகள் சரியாக இறங்கினவா என்று பார்க்க, கரைக்கும் தோணிக்கும் நடுவே கிடக்கும் ஒற்றைப் பலகையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே நடந்து போவாள்.

மே மாதம் முடிந்தால் கடல் கொந்தளிக்கும். தோணி ஓடாது. மேட்டில் ஏற்றி மராமத்துப் பார்ப்பார்கள். இனி செப்டம்பரில்தான் மறுபடி ஓட்டம். அந்த ஓய்வு நாளில்தான், ஆவணி பிறந்து இரண்டாம் நாள், வடிவம்மாள் கடைக்குள் சுருண்டு விழுந்தாள். வலது விலாவுக்குக் கீழே கத்தியால் குத்தித் திருகுகிற வலி. அது முதுகுக்கு ஓடித் தோள்பட்டையில் போய் நின்றது. வாந்தி, குளிர்க்காய்ச்சல். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பை நிறையக் கல். ஊசி மருந்தில் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஐஸ்வர்யா மகன்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அங்கே என்ன பேசினார்கள் என்று வடிவம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. "எண்ணெ கூடாது, தேங்கா கூடாது" என்பது மட்டும் அவள் காதுக்கு வந்தது.

அப்படிச் சொன்ன வாயால்தான் இப்போது "தின்னு, தின்னு" என்கிறார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் களி தன் வேலையைக் காட்டியது. வடிவம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. இளைய மருமகள் பானுப்ரியா தெருமுனை டாக்டரைக் கூட்டிவந்து ஊசி போடவைத்தாள். சாயங்காலம் வலி விட்டது. ஆள் நனைந்த சாக்காகக் கிடந்தாள்.

மறுநாள் காலையில் கிங்ஸ்டன் வந்தான். பதினெட்டு வருஷமாக அவள் கடையில் சாமான் கட்டுகிற தண்டல். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று உப்பளத்துப் புழுதியை அள்ளிக் கதவில் எறிந்துகொண்டிருந்தது. அவன் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாரும். என்ன, கோயில்ல நிக்க மாதிரி நிக்கீரு?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒங்களப் பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்தாச்சா? எப்ப ஓட்டம்?"

"பத்தாம் தேதி எறக்குதோம்."

"எத்தன ஆளு?"

கிங்ஸ்டன் துண்டை மடித்தான், பிரித்தான்.

"அக்கா, ஒங்க மூத்தவரு நேத்து ஃபோன் போட்டாரு. இந்த வருசம் சாமான வேற கடையில பாத்துக்கிடச் சொன்னாரு. இனி அக்கா கடைக்கு வர மாட்டாவன்னாரு. நீங்களே அப்படிச் சொன்னதாத்தான் நான் நெனச்சேன்."

பதினொரு வருஷத்துக்கு முந்தி, வடிவம்மாளின் புருஷன் தங்கதுரையை மதுரை டாக்டர்கள் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவைத்த வாரம் கண்முன் வந்து நின்றது. அப்போதும் வாளி வாளியாக வந்தது. அவருக்குப் பிடித்த அதிரசம், சீலா மீன் வறுவல், பொரிச்ச பரோட்டா. போகிற உயிருக்கு ஆசை நிற்கக் கூடாது என்று சொந்தமெல்லாம் வரிசை கட்டி ஊட்டிவிட்டுப் போனது. வடிவம்மாளே ஊட்டினாள். ஒன்பதாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார்.

முந்திரிக்கொத்து, சுக்கா, களி. இப்போது கணக்குச் சரியாக வந்தது.

"கிங்ஸ்டன், நீரு வேற கடைக்குப் போவாதயும்."

"போவலக்கா."

"ஆளு எட்டா, ஒம்பதா?"

"ஒம்பது."

"சரி, போயிட்டு வாரும்."

அன்று சாயங்காலம் இரண்டு மகன்களையும் வரச்சொன்னாள். இளையவன் பாலகணேஷ் சாகுபுரத்துக் கம்பெனியில் முதல் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்து உட்கார்ந்தான். சங்கரபாண்டியன் ஏரலில் இருந்து பைக்கில் வந்தான். அவன் கையில் ஒரு பொட்டலம். பிரிக்காமலே நெய் வாசனை அடித்தது.

"அத அங்கன வையி," என்றாள் வடிவம்மாள். "ஏலே சங்கரா, நான் எப்ப சாவேன்னு டாக்டரம்மா நாள் குறிச்சுத் தந்தாளா?"

"என்னம்மா பேச்சு இது?"

"தராமத்தான் ஆசை தீக்க ஆரம்பிச்சிட்டியளா? ஒங்கப்பாக்கு அதிரசம். எனக்கு முந்திரிக்கொத்து."

பாலகணேஷ் தலையைக் குனிந்துகொண்டான். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. பானுப்ரியா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எம்மா, டாக்டரம்மாவே சொல்லிச்சு," என்றான் சங்கரபாண்டியன். "கல்லோட பையையும் எடுக்கணும். ஆனா வயசு எழுவத்தாறு, சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, ரிஸ்க் உண்டுன்னு வாயாலயே சொல்லிச்சு. அதுக்கு மேல எப்படிச் சம்மதிக்க? நானும் தம்பியும் மாமாவும் பேசினோம். ஒன்னயப் போட்டுச் சித்திரவத பண்ண வேண்டாம், இருக்க மட்டும் நல்லாத் தின்னுட்டு நிம்மதியா இருக்கட்டும்னு முடிவு பண்ணினோம்."

"நல்லாத் தின்னுட்டு நேத்து நான் எப்படி நிம்மதியா இருந்தேன்னு ஒந் தம்பி பொண்டாட்டிட்ட கேளு."

"அது அத்த தெரியாமக் கொண்டாந்துட்டாவ."

"நீ கொண்டாந்த முந்திரிக்கொத்து பச்சத்தண்ணியிலயா பொரிச்சது?"

பாலகணேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் முறைத்ததும் அடக்கிக்கொண்டான்.

"எம்மா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்ன சொல்லும்? சாவப்போற வயசுல பெத்தவள அறுக்கக் கொடுத்தாம் பாருன்னு என்னயத்தான் சொல்லும்."

"அறுக்காமச் செத்தா?"

"அது விதி."

"ஆமா. விதிக்குக் கையெழுத்துக் கேக்க மாட்டான். ஆபரேசனுக்குத்தான் கேப்பான். நான் போயிருவேன்னு ஒனக்குப் பயமில்லல. கையெழுத்து மேலதான் பயம்."

சங்கரபாண்டியன் முகம் கறுத்தது. அவன் கெட்டவன் இல்லை. அப்பாவுக்கு இரண்டு வருஷம் மலம் மூத்திரம் அள்ளியவன். அதனால்தான் அம்மாவுக்கு வாய் இத்தனை கடுமையாக வந்தது. அத்தனை பாசத்தையும் வைத்துக்கொண்டு தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டானே என்று.

"அந்தா மேட்டுல நாப்பது வருசத் தோணி கெடக்கு," என்றாள். "பலகைய மாத்தி, இடுக்குல பஞ்ச அடிச்சு, பத்தாம் தேதி எறக்கப் போறான். வயசாயிட்டு, கடல் வேண்டாம்னு எவனாவது சொன்னானா?"

"தோணியும் நீயும் ஒண்ணாம்மா?" என்றான் பாலகணேஷ்.

"இல்லதான். தோணிக்காவது சர்வேயர் வந்து ஒரு நாள் பூராத் தட்டித் தட்டிப் பாக்கான். எனக்கு மாமாவும் மருமகனும் பெயிண்ட் கடையில உக்காந்தே பாத்து முடிச்சிட்டிய. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்."

"வயிறு யாருக்குல?"

மறுநாள் ஒன்பது மணிக்கு வடிவம்மாள் வெளுத்த சேலை கட்டித் தெருவில் இறங்கியபோது ஆட்டோவுக்குள் ஏற்கெனவே பானுப்ரியா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். தனியார் பள்ளிக்கூடத்து டீச்சர். வகுப்புக்கு லீவு சொல்லியிருக்கிறாள்.

"ஏளா, ஒம் புருசன் வைய மாட்டானா?"

"வஞ்சுட்டுத்தான் ஷிப்டுக்குப் போயிருக்காவ. ஏறுங்கத்த."

டாக்டர் ஐஸ்வர்யா கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். நாற்பது வயதுகூட இருக்காது. ஃபைலைப் புரட்டிவிட்டுப் பானுப்ரியாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"பாட்டிக்கு மறுபடியும் வலி எப்ப வந்துச்சு?"

"பாட்டின்னு சொல்லாத தாயி," என்றாள் வடிவம்மாள். "வடிவம்மான்னு சொல்லு. பாட்டின்னு சொல்லுதவங்க எல்லாரும் பக்கத்துல நிக்கவுகளப் பாத்துத்தான் பேசுதாவ."

டாக்டர் ஃபைலை மூடினாள். நாற்காலியை வடிவம்மாள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"சரி, வடிவம்மா. உங்களுக்கு என்ன தெரியணும்?"

"என் மக்கமார்ட்ட என்ன சொன்ன? அத எனக்குச் சொல்லு."

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டாள். ஈரல், அதற்குக் கீழே பேரிக்காய் மாதிரி ஒரு பை, பை நிறையப் புள்ளி.

"வயித்தக் கிழிக்க மாட்டோம். தொப்புள் பக்கத்துல ஒண்ணு, மேல மூணு, நாலு சின்ன ஓட்டை. வயித்துக்குள்ள காத்தடைச்சு உப்ப வச்சு, கேமராவ விட்டு, டிவில பாத்துக்கிட்டே பைய எடுத்துடுவோம். உள்ள ரொம்ப ஒட்டிக்கிடந்தா, அப்பக் கிழிக்க வேண்டியதும் வரலாம்."

"செத்துப்போவேனா?"

"அந்தப் பயம் துளிகூட இல்லைன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். உங்க வயசுல மயக்க மருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கஷ்டம் கொடுக்கலாம். அதத்தான் ரிஸ்க்குன்னு சொன்னேன். ஆனா இன்னொண்ணும் சொன்னேனே. விட்டு வச்சா வலி மறுபடி மறுபடி வரும். ஒரு கல்லு குழாய்ல போய் அடைச்சா மஞ்சக்காமாலை, சீழ். அப்ப ராத்திரியோட ராத்திரியா அவசரமாப் பண்ணணும். அந்த ரிஸ்க்குதான் பெருசு. இப்பவே, உடம்பு தெம்பா இருக்கப்பவே பண்ணிடுங்கன்னு சொன்னேன்."

வடிவம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மொதப் பாதியக் கேட்டுட்டு எந்திச்சு வந்துட்டானுவ, பாத்தியா."

மயக்க மருந்து டாக்டர் சிவபாலன் வந்தார். ரத்தம், எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டு, "மாடிப்படி ஏறுவீங்களா?" என்று கேட்டார்.

"எத்தன மாடி?"

"ரெண்டு மாடி நிக்காம ஏற முடிஞ்சா எனக்குப் பாதி தைரியம் வந்துடும்."

"வாரும்," என்று வடிவம்மாள் எழுந்துவிட்டாள்.

சிவபாலன் கொஞ்சம் கனத்த ஆள். முன்னால் வடிவம்மாள், பின்னால் அவர், அவருக்குப் பின்னால் ஃபைலோடு பானுப்ரியா. முதல் மாடித் திருப்பத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் வாளியை ஒதுக்கி வழிவிட்டாள். இரண்டாவது மாடிக்குப் பாதி இருக்கும்போது வடிவம்மாளுக்கு நெஞ்சு படபடத்தது. நிற்கலாமா என்று கால் கேட்டது. நின்றால் இந்த மனுஷன் கஞ்சி குடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவான் என்று மனசு சொன்னது. கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாள். மேலே போய்த்தான் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் நான்கு படி கீழே நின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா, மூச்சு வாங்குதோ? லாரில மூட்ட ஏத்துதவனையெல்லாம் பாத்திருக்கேன். ஒம்ம மாதிரி மூச்சு வாங்க மாட்டான்."

சிவபாலன் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு நீங்கதான் மயக்க மருந்து கொடுக்கணும் போல. வியாழக்கிழமை வச்சுக்கலாம்."

எக்கோ ரிப்போர்ட் நன்றாக வந்தது. அன்றைக்கே வார்டில் சேர்த்து, சுகருக்கு இரண்டு நாள் ஊசி போட்டுக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் நர்ஸ் படிவத்தை நீட்டினாள்.

"மகன் யாராவது வந்து போடணுமே, அம்மா."

"மகனுக்கா ஆபரேசன்?"

நர்ஸ் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். நோயாளி நல்ல நினைவோடு இருந்தால் அவர் போட்டால் போதும், கூட இருக்கிற ஒருவர் சாட்சிக்குப் போடட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாளாம். வடிவம்மாள் பானுப்ரியாவை முழுப் படிவத்தையும் வாசிக்கச் சொன்னாள். கிழிக்க நேரலாம் என்ற வரியை இரண்டு தடவை வாசிக்கவைத்தாள். அப்புறம் பேனாவை வாங்கி, 'த. வடிவம்மாள்' என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டாள். கீழே பானுப்ரியா போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கா?"

"ஆமாத்த."

"எனக்குந்தான். அத அவனுவட்டச் சொல்லாத."

வியாழக்கிழமை ஏழு மணிக்கு சங்கரபாண்டியன் வந்துவிட்டான். கூடவே பாலகணேஷ், மாமா, பேச்சிச்செல்வி. பேச்சிச்செல்வி கையில் திருச்செந்தூர் விபூதி. பூசிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். வராண்டாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏளா, நான் இன்னும் உள்ளயே போவல. மிச்சத்த வச்சு அழு."

சங்கரபாண்டியன் கட்டில் பக்கம் வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டான். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை.

"எம்மா, வா, வீட்டுக்குப் போலாம். அப்பாவ இப்படித்தான் மதுரைக்குக் கொண்டுபோனேன். திருப்பிக் கொண்டாந்து ஒம்பது நாள்ல குழி வெட்டினேன். இன்னொருக்க எனக்கு முடியாதும்மா."

வடிவம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அவன் தலையில் கை வைத்தாள்.

"ஒங்கப்பாவ டாக்டருக கைவிட்டாவ, மக்கா. என்னய இவ கைவிடல. நீங்கதான் கைவிட்டிய. ஒரு வாரமா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எனக்குச் சாவச் சொல்லிக்கொடுத்திய. எனக்கு அது இன்னும் வரல. நான் என்ன செய்ய?"

ஸ்ட்ரெச்சர் வந்தது. நடந்தே வருகிறேன் என்றாள். முடியாது, விதி இது என்றான் தள்ளுகிறவன். அந்த ஒன்றில் மட்டும் தோற்றுப்போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒன்றே கால் மணி நேரம். ஒட்டிக்கிடந்ததை நிதானமாகப் பிரித்து எடுத்ததாக டாக்டர் வெளியே வந்து சொன்னாள். கிழிக்க நேரவில்லை. வடிவம்மாள் கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டை வலித்தது. உள்ளே அடைத்த காற்று கலைகிறவரை அப்படித்தான் இருக்கும் என்றாள் நர்ஸ். சாயங்காலம் இரண்டு மடக்குத் தண்ணீர். மறுநாள் காலை இட்லி. நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை காலையிலும் வராண்டாவில் நடந்துகொண்டிருந்தாள். பத்தடி பின்னால், விழுந்தால் பிடிக்கிற தயாரில், சங்கரபாண்டியன் வந்துகொண்டிருந்தான். வியாழக்கிழமை முதல் அவன் ஏரலுக்குப் போகவில்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு சக்கர நாற்காலியில் ஒடிசலான பெரியவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி மடியில் வலது கையை அழுத்திப் பிடித்திருந்தார். அவர் தலைக்கு மேலே இரண்டு ஆண்கள் டாக்டர் ஐஸ்வர்யாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எம்பத்தோரு வயசு டாக்டர். கல்லு கெடந்தாக் கெடந்துட்டுப் போவுது. இனி எதுக்கு? கஞ்சியக் கிஞ்சியக் குடிச்சுக்கிட்டு இருக்க மட்டும் இருக்கட்டும்."

"நான் சொல்றத முழுசாக் கேளுங்க," என்றாள் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். வீட்டுல எல்லாரும் பேசியாச்சு."

வடிவம்மாள் நின்றுவிட்டாள்.

"எம்மா, நமக்கெதுக்கு? வா," என்றான் சங்கரபாண்டியன் பின்னாலிருந்து.

அவள் நாற்காலிக்கு முன்னால் போனாள்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

பெரியவர் நிமிர்ந்தார். "ஆழ்வார்திருநகரி பக்கம், தாயி. தங்கப்பாண்டின்னு பேரு."

"என்ன சோலி?"

"வயக்காடுதான். ரெண்டு ஏக்கர்."

"நீங்க யாருங்க?" என்று பெரிய மகன் குறுக்கே வந்தான்.

"முந்தாநேத்து ஆபரேசன் ஆனவ. எழுவத்தாறு வயசு," என்றாள் அவனைப் பார்க்காமலே. "அண்ணாச்சி, வலி முதுகுக்கு ஓடுதா?"

"தோள் வரைக்கும் இழுக்குது தாயி."

"ஓடும். தெரியும் எனக்கு. ஆபரேசன் வேணுமா வேண்டாமான்னு ஒம்மட்ட யாராவது கேட்டாவளா?"

தங்கப்பாண்டி மகன்களை ஒரு தடவை பார்த்தார். தரையைப் பார்த்தார். வராண்டாவில் யாரோ மருந்துத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது கடந்து போகிறவரை காத்திருந்தார்.

"ஒருத்தரும் கேக்கல," என்றார். "கேட்டா, வேணும்னு சொல்லலாம்னுதான் மூணு நாளா உக்காந்திருக்கேன்."

"எப்பா," என்றான் மகன்.

"நீ இருல. டாக்டர் முழுசாச் சொல்லட்டும்."

டாக்டர் ஐஸ்வர்யா மகன்களைத் தாண்டி வந்து, நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். வடிவம்மாளுக்கு நின்று நின்று கால் ஓய்ந்துவந்தது. சங்கரபாண்டியன் சுவரோரம் கிடந்த பெஞ்சை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டான். அவள் உட்கார்ந்ததும், அந்த இரண்டு மகன்களைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க அண்ணாச்சி," என்றான். "ரெண்டாவது பாதிலதான் விசயம் இருக்கு."